டாலர் வந்தாச்சு, எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஏற்றுமதிப் பணத்தை ரூபாயாக மாற்றாமல் டாலராகவே வங்கியில் வைத்திருக்க உதவும் இ.இ.எஃப்.சி. கணக்கு பற்றி, தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மண்டபத்தில் கணவாய், நண்டு வாங்கிப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வரும் பணத்தை இ.இ.எஃப்.சி. கணக்கில் டாலராகவே போட்டுவைத்து, தடை முடிந்து படகு கடலுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வங்கியில் முடியாது என்கிறார்கள். நூற்றுக்கு நூறும் டாலராக வைக்கலாம் என்று எங்கள் ஆடிட்டர் சொன்னாரே?
– வாசகர், மண்டபம்

பதில்: ஆடிட்டர் சொன்னதும் சரி, வங்கி சொல்வதும் சரி. வரும் பணம் முழுவதையும் அந்தக் கணக்கில் டாலராக வரவு வைக்கலாம். எவ்வளவு நாள் வைக்கலாம் என்பதில்தான் கட்டுப்பாடு. ஒரு காலண்டர் மாதத்தில் வந்து சேர்ந்த மொத்தத் தொகையில், அனுமதிக்கப்பட்ட செலவு போக, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கொடுப்பனவுகள் போக, மிச்சத்தை அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும். 2012 முதல் இதுதான் நடைமுறை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மார்ச் 12இல் 25,000 டாலர், மார்ச் 27இல் 30,000 டாலர். ஆக 55,000. கெடு ஏப்ரல் 30. ஏப்ரலில் வெளிநாட்டு ஏஜெண்டுக்குக் கமிஷன் 2,200, ஃப்ரீசர் உதிரி பாகத்துக்கு 8,800 அனுப்பினீர்கள், 11,000 போயிற்று. மே கடைசியில் ஒரு கம்ப்ரசருக்கு 14,000 கட்ட வேண்டும், விற்பவர் முன்கூட்டியே கொடுத்த விலைப்பட்டியலான புரோஃபார்மா இன்வாய்ஸ் கையில் இருக்கிறது. அதைக் காட்டினால் அந்த 14,000 அப்படியே இருக்கலாம். மீதி 30,000 ஏப்ரல் 30க்குள் ரூபாயாகியே தீர வேண்டும். தடைக்காலத்தில் அப்போது 16 நாள்தான் கழிந்திருக்கும். கம்ப்ரசர் வாங்கப்போகிறேன் என்று வாயால் சொன்னால் வங்கி ஏற்காது. தேதி, தொகை, விற்பவர் பெயர் உள்ள தாள் வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மார்ச் 1ஆம் தேதி வந்த டாலருக்கு ஏறக்குறைய 2 மாதம் கிடைக்கிறது. மார்ச் 31இல் வந்ததற்கு 30 நாள்தான். வாங்குபவரிடம் மாதக் கடைசிப் பணத்தை இரண்டு நாள் தள்ளி அனுப்பச் சொல்வது பழைய கை வழக்கம். அதில் தவறில்லை.

கெடு நாள்வரை சும்மா இருந்தால் வங்கியின் கணினி தானே மாற்றிவிடும், அதுவும் வங்கி அன்றைக்கு அறிவிக்கும் பொது விலையான கார்டு ரேட்டில். பேரம் பேசிக் கிடைக்கும் விலையைவிட அது குறைவாகவே இருக்கும். நீங்களாக இரண்டு மூன்று தவணையில், சந்தை நடக்கும் நேரத்தில், வங்கியில் அந்நியச் செலாவணி விலை சொல்லும் டிரெஷரிப் பிரிவிடம் விலை கேட்டு மாற்றுங்கள். 2019இல் தொடங்கிய, டாலர் வாங்கி விற்கும் எஃப்.எக்ஸ். ரீடெய்ல் இணையதளத்தில் வங்கி மூலம் பதிவு செய்துகொண்டால், சந்தை விலை என்ன, வங்கி அதன் மேல் எத்தனை பைசா வைக்கிறது என்பது தனித்தனியாகத் தெரியும்.

டாலர் ஏறும் என்று காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. இ.இ.எஃப்.சி. ஒரு நடப்புக் கணக்கு, அதற்கு வட்டி கிடையாது. இன்னொரு பக்கம் ஐஸுக்கும் படகு முன்பணத்துக்கும் ஓ.டி. என்ற மிகைப்பற்றுக் கடனில் 10 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும். டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30,000 டாலர் என்பது 26.4 லட்சம். 45 நாள் வட்டி 32,548 ரூபாய். அந்த 45 நாளில் டாலர் ஒரு ரூபாய் எட்டு பைசாவுக்கு மேல் ஏறினால்தான் உங்களுக்கு ஒரு காசு லாபம். ஏறலாம், இறங்கலாம். அது வேறு தொழில்.

கேள்வி: முண்டு மிளகாய் வற்றலும் தூளும் அனுப்புகிறோம். இ.இ.எஃப்.சி. கணக்கு திறந்து நான்கு மாதமாகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பணம் ரூபாயாகத்தான் வந்து விழுகிறது. கேட்டால் தானாக மாறிவிட்டது என்கிறார்கள். அதைத் திரும்ப டாலராக்கிக் கணக்கில் போட முடியுமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: முடியாது. ரூபாயான பணத்தைத் திரும்ப டாலராக்கி அந்தக் கணக்கில் வரவு வைக்க விதி இடம் கொடுக்கவில்லை. இனி வருவதைத்தான் காப்பாற்றலாம்.

கணக்கு திறந்தால் மட்டும் போதாது. பணம் எந்தக் கணக்கு எண்ணுக்கு வருகிறது என்பதைத்தான் கணினி பார்க்கும். உங்கள் இன்வாய்ஸின் அடியில் அச்சடித்திருக்கும் எண்ணை எடுத்துப் பாருங்கள். அநேகமாகப் பழைய ரூபாய் நடப்புக் கணக்கு எண்ணாகத்தான் இருக்கும். வாங்குபவர் அதைத்தான் தன் வங்கியில் கொடுத்திருப்பார். வங்கிகளுக்கிடையே போகும் ஸ்விஃப்ட் செய்தியில் பயனாளி கணக்காக அதுவே வந்திருக்கும். ரூபாய்க் கணக்குக்கு வரும் டாலர் அன்றைக்கே ரூபாயாகிவிடும்.

இன்வாய்ஸில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, அந்த வங்கி நியூயார்க்கில் டாலர் கணக்கு வைத்திருக்கும் கரஸ்பாண்டண்ட் வங்கியின் பெயரும் குறியீடும், இ.இ.எஃப்.சி. கணக்கு எண், நிறுவனத்தின் பெயர் ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவில் உள்ளபடியே எழுத்து மாறாமல். கூடவே, வங்கிச் செலவு முழுவதும் அனுப்புபவருடையது என்று ஒரு வரி. இல்லாவிட்டால் இடையில் இருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். சரக்கை அனுப்பக் கஸ்டம்ஸில் கொடுத்த ஷிப்பிங் பில்லில் 18,000 என்றிருக்க, கைக்கு வருவது 17,960 என்று ஆகும். அந்த 40 டாலருக்குப் பிறகு தனியாக விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து, வங்கிக்கு ஒரு நிலையான அறிவுறுத்தல் கடிதம். நீளமாக வேண்டாம்:

"எங்கள் நிறுவனத்தின் பெயரில் வரும் ஏற்றுமதித் தொகைகள் அனைத்தையும், முன்பணம் உட்பட, எங்கள் இ.இ.எஃப்.சி. கணக்கில் வந்த நாணயத்திலேயே வரவு வைக்கவும். எங்கள் எழுத்துமூல அறிவுறுத்தல் இன்றி ரூபாயாக மாற்ற வேண்டாம். விதிப்படி மாற்ற வேண்டிய கெடுவுக்கு 5 வேலை நாள் முன்னதாக மின்னஞ்சலில் தெரிவிக்கவும்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு ஊர்க் கிளைகளில் அந்நியச் செலாவணி வேலை பெரும்பாலும் அங்கே நடப்பதில்லை. வேறு ஊரில் உள்ள மையத்துக்குப் போகிறது. கடிதம் அந்த மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை நீங்கள்தான் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கிளையின் கோப்பில் தூங்கும் கடிதத்தால் பயனில்லை.

ஒவ்வொரு வரவுக்கும் அது எதற்கான பணம் என்று குறியீடு கேட்பார்கள். சரக்கு அனுப்புமுன் வரும் முன்பணத்துக்கு பி 0103. அனுப்பிய சரக்குக்கான பணத்தை முன்பணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஏற்றுமதிக் கண்காணிப்புக் கணினியான இ.டி.பி.எம்.எஸ்.இல் ஷிப்பிங் பில் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும், பணம் இன்னொரு பக்கம் பில் இல்லாமல் தொங்கும்.

நான்கு மாதத்தில் என்ன போயிற்று என்று கேட்டால்: உங்களுக்கு வெளிநாட்டுச் செலவு இல்லையென்றால் ஒன்றும் போகவில்லை. இருந்தால் இரண்டு முறை நஷ்டம். 10,000 டாலரை வங்கி 88.00க்கு வாங்கி, பிறகு பேக்கிங் இயந்திரத்துக்கு உங்களுக்கே 88.60க்கு விற்றால் 6,000 ரூபாய் போச்சு. மாற்றும் ஒவ்வொரு முறையும் ஜி.எஸ்.டி. உண்டு. 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான தொகைக்கு, 1,000 ரூபாயும் லட்சத்துக்கு மேற்பட்டதில் அரை சதவீதமும் சேர்த்து வரும் மதிப்பின் மேல் 18 சதவீதம். 8.8 லட்சத்துக்கு 4,900இன் மேல் 882 ரூபாய். விற்கும்போதும் வாங்கும்போதும் சேர்த்து 1,770 அளவில். இந்த 7,770 ரூபாயை மிச்சப்படுத்தத்தான் இ.இ.எஃப்.சி. கணக்கு, டாலரைப் பூட்டிவைக்க அல்ல.

கேள்வி: காக்கா (அண்ணன்) துபாயில் கடை வைத்திருக்கிறார். அங்குள்ள வாங்குபவர் எனக்குத் தர வேண்டியதைக் காக்காவிடம் கொடுத்துவிடட்டும், அவர் தன் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கு வழியாகவோ, வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியலிலோ இங்கே கொடுத்துவிடுவார் என்கிறார்கள். பணம் வந்து சேர்ந்தால் போதாதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: போதாது. பணம் உங்கள் கைக்கு வரும். ஷிப்பிங் பில்லுக்கு வராது.

சரக்கு கஸ்டம்ஸைத் தாண்டிய உடனேயே அந்த ஷிப்பிங் பில் உங்கள் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். திரையில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு எதிராக வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த ஒரு தொகையைக் காட்டினால்தான் மூடும். காக்காவின் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து வருவது அவருடைய சொந்தப் பணமாகத்தான் பதிவாகும். உண்டியல் பணத்துக்குப் பதிவே இல்லை. ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் கெடு 9 மாதமாக இருந்தது. 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டியிருக்கிறார்கள். அதற்குள் பில் மூடாவிட்டால் வாங்கிய ஜி.எஸ்.டி. ரீஃபண்டையும், டிராபேக் என்ற சுங்கவரித் திருப்பத்தையும் வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். வங்கி பரிந்துரைத்தால் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறும். பிறகு முழு முன்பணமோ, வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதமான எல்.சி.யோ இல்லாமல் அடுத்த கண்டெய்னரை அனுப்ப முடியாது. ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் 3 மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது. உண்டியல்காரர் கொடுக்கும் 30, 40 பைசா கூடுதல் விலை இதற்கு ஈடாகாது.

காக்காவின் உதவி வேண்டுமானால் நேர்வழி ஒன்று இருக்கிறது. வாங்குபவருக்குப் பதிலாக மூன்றாம் நபர் பணம் அனுப்புவதை விதி ஏற்கிறது. அவருடைய கடையின் நிறுவனக் கணக்கிலிருந்து, வங்கி வழியாக, உங்கள் இ.இ.எஃப்.சி. எண்ணுக்கு வர வேண்டும். யார் பணம் அனுப்புவார் என்பது ஆர்டரிலோ இன்வாய்ஸிலோ முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்; அல்லது மூன்று பேரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். ஏற்றுமதி அறிவிப்பிலும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சரக்கு போன பிறகு இந்தத் தாள்களைத் தயார் செய்யப் போனால் வங்கி சந்தேகப்படும். பணம் வருமுன்னே கொடுத்துவையுங்கள்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: காக்கா தொழிலில் முதலீடாகவோ கடனாகவோ தரும் டாலரை இ.இ.எஃப்.சி.யில் போடலாமா என்று. கூடாது. வெளிநாட்டுக் கடனும் முதலீடும் அந்தக் கணக்குக்குள் வரவே முடியாது. அவற்றுக்குத் தனி வழி, தனி அறிவிப்பு.

கேள்வி: துபாயிலேயே எங்கள் கம்பெனி பெயரில் கணக்கு திறந்துகொண்டால் இந்த மாதக் கெடு தொல்லை இருக்காதல்லவா?
– வாசகர், தொண்டி

பதில்: கணக்கு திறக்கலாம், கெடு போகாது. 2025 ஜனவரியிலிருந்து இந்திய ஏற்றுமதியாளர் வெளிநாட்டு வங்கியில் கணக்கு திறந்து, ஏற்றுமதிப் பணத்தையும் முன்பணத்தையும் அங்கே வாங்கலாம். இந்தியாவுக்குச் செய்யும் இறக்குமதிக்கு அதிலிருந்தே கட்டலாம். ஆனால் மிச்சத்தை, பணம் வந்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதே கயிறுதான், நீளம்கூட அதேதான். குஜராத்தின் கிஃப்ட் சிட்டி என்ற சர்வதேச நிதி மையத்தில் உள்ள வங்கிக் கிளையில் வைத்தால் மட்டும் இந்தக் கெடுவை 3 மாதமாக நீட்டுவதாக 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. தடைக்காலத்தைத் தாண்ட நினைக்கும் மண்டபம் வாசகரும் இதைக் கவனிக்கலாம்.

மாதம் ஒரு கண்டெய்னர் அனுப்புபவருக்கு இது தேவையா என்றால், எங்கள் கணிப்பில் இல்லை. அங்கே வந்த ஒவ்வொரு டாலருக்கும் இங்குள்ள வங்கியில் ஸ்டேட்மெண்ட் கொடுத்து ஷிப்பிங் பில்லை மூட வேண்டும். இறக்குமதியும் பெரிதாக இருப்பவர்களுக்கே இந்த உழைப்பு கட்டுப்படியாகும்.

கேள்வி: நாங்களும் ஏற்றுமதி செய்கிறோம். இ.இ.எஃப்.சி.யில் 40,000 டாலர் இருக்கிறது. அதை ஈடாக வைத்து ஓ.டி. கேட்டேன், தரவில்லை.
– வாசகர், சாயல்குடி

பதில்: தர முடியாது. அந்த இருப்பை ஈடாகக் கொண்டு கடனோ, கேரண்டியோ, எல்.சி.யோ எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஏற்றுமதிக்கு முன் சரக்கைத் தயார் செய்ய வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடன் இருந்தால், ஏற்றுமதி உண்மையில் நடந்த அளவுக்கு, அந்த டாலரைக் கொண்டே அடைக்கலாம். வட்டி ஓடும் கடனையும் வட்டி இல்லாத டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: இலங்கைக்குக் கருவாடு அனுப்புகிறோம். வாங்குபவர் அடிக்கடி இங்கே வருவார். டாலர் நோட்டாகவே கொடுக்கிறேன் என்கிறார். வாங்கலாமா? அதை இ.இ.எஃப்.சி.யில் கட்டலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: வாங்குபவர் இந்தியா வந்திருக்கும்போது நோட்டாகத் தருவதை ஏற்றுமதிப் பணமாக வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் வங்கியில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நோட்டாக 5,000 டாலருக்கு மேல், அல்லது நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் சேர்த்து 10,000க்கு மேல் அவர் கொண்டுவந்தால், விமான நிலையத்தில் கஸ்டம்ஸில் கரன்சி டிக்ளரேஷன் ஃபாரம் கொடுத்திருக்க வேண்டும். அதன் நகலும் பாஸ்போர்ட் நகலும் இல்லாமல் வங்கி தொடாது. இ.இ.எஃப்.சி. விதி பேசுவது வங்கி வழியாக வந்து சேரும் பணத்தைப் பற்றி. நோட்டை ரூபாயாக மாற்றிக்கொள்வதாகவே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டு வியாபாரம் இப்போது அவசியமும் இல்லை. இலங்கை வணிகம், ஆசிய மத்திய வங்கிகள் சேர்ந்து கணக்குத் தீர்க்கும் ஆசியக் கிளியரிங் யூனியன் வழியாகவே தீர்க்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் 2022இல் தளர்ந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட எந்த நாணயத்திலும் நேராக அனுப்பலாம். இந்திய ரூபாயிலேயே இன்வாய்ஸ் போடவும் முடியும், ஆனால் அப்படி வரும் ரூபாய் இ.இ.எஃப்.சி.க்குப் போகாது. அது அந்நிய நாணயம் இல்லையே.

கருவாட்டு பில்கள் பெரும்பாலும் சிறியவை. 10 லட்சம் ரூபாய்க்குள் உள்ள ஒவ்வொரு பில்லையும், பணம் வந்துவிட்டது என்று நீங்கள் தரும் உறுதிமொழியைக் கொண்டே வங்கி மூடலாம் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்திருக்கிறது. சில்லறைப் பாக்கியால் திறந்து கிடக்கும் பழைய பில்களுக்கும் இது பொருந்தும். பட்டியல் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி: சவூதியில் 18 வருடம் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டேன். ஆர்.எஃப்.சி. கணக்கில் டாலர் இருக்கிறது, அதற்கு மாதக் கெடு இல்லை. இப்போது தொடங்கியிருக்கும் மீன் ஏற்றுமதிப் பணத்தையும் அதிலேயே போடலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: வேண்டாம். ஆர்.எஃப்.சி. என்பது நீங்கள் அங்கே சம்பாதித்துக் கொண்டுவந்த பணத்துக்கு. தொழிலின் ஏற்றுமதி வருமானம் இ.இ.எஃப்.சி.க்குத்தான். இரண்டையும் கலந்தால் ஆர்.எஃப்.சி.யின் சலுகைக்கும் சேர்த்துக் கேள்வி வரும். இன்னமும் என்.ஆர்.இ. கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் ஊர் திரும்பிவிட்டதை வங்கியில் சொல்லி மாற்றுங்கள். எஃப்.சி.என்.ஆர். என்ற அந்நிய நாணய டெபாசிட்டை மட்டும் முதிர்வு நாள்வரை அப்படியே விட்டுவைக்கலாம்.

கேள்வி: பனை ஓலைக் கூடைகளை இணையத்தில் விற்கிறோம். மாதம் 400, 500 டாலர் வருகிறது, ஆனால் ரூபாயாகவே வங்கியில் விழுகிறது. நாங்களும் இ.இ.எஃப்.சி. திறக்கலாமா?
– வாசகி, ஏர்வாடி

பதில்: திறக்கத் தடையில்லை, ஆனால் இணையப் பணப் பட்டுவாடா நிறுவனம் வழியாக வருவது வழக்கமாக ரூபாயாகத்தான் கணக்கில் சேரும், இ.இ.எஃப்.சி. இருந்தாலும் அதில் விழாது. வெளிநாட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய பெரிய செலவும் இல்லை என்று தெரிகிறது. மொத்தமாக 3,000 டாலருக்கு ஒரு கடைக்காரர் ஆர்டர் கொடுத்து, ஸ்விஃப்டில் அனுப்புகிறேன் என்று சொல்லும் நாளில் திறந்துகொள்ளலாம், அம்மா. ஐ.இ.சி., பான், ஜி.எஸ்.டி. பதிவு, இப்போதுள்ள நடப்புக் கணக்கு, ஒரு விண்ணப்பம் – கிளையில் கேட்பது அவ்வளவுதான்.